ஆரப் போல?

அவளிடம் ஒரு முகத்தைப் பொத்தாம்பொதுவாகக் கேட்டுவிட முடியாது. உதவி இயக்குநர் வந்து, “அக்கா, ஒரு ரௌடி”, “ஒரு நர்ஸ்”, “ஒரு சேட்டு” என்று சொல்லிவிட்டு நகர்ந்தால், கையிலிருக்கும் ஸ்பாஞ்சைக் கீழே வைத்துவிடுவாள்.

“ஆரப் போல?”

யாரைப் போல என்பதை எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அவள் குரல் உயராது. ஆனால் பதில் வரும்வரை ஸ்பாஞ்சைத் தொடமாட்டாள். நாற்காலியில் இருக்கும் நடிகர் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

“ரௌடி மாதிரிதான்க்கா. ரௌடின்னா ரௌடி.”

“அது அவனுக்க வேலை. மொகம் ஆருக்க மொகம்?”

கடைசியில் உதவி இயக்குநர் தன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவனையோ, வாடகை வீட்டு ஓனரையோ சொல்வார். அந்த ஆளுக்கு மூக்கு எப்படி, சிரித்தால் வாய் எந்தப் பக்கம் கோணும், வெயிலில் வேலையா நிழலில் வேலையா என்று இன்னும் சில கேள்விகள் வரும். அதன் பிறகுதான் அவள் கை நகரும்.

எங்கள் யூனிட்டில் அவள் மேக்கப் அக்கா. ஊர் தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கடப்புறம், கடலோர மீனவ ஊர். நான் தக்கலைக்காரி. எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, தொடர் எடுக்கும் ஒரு சென்னைக் கம்பெனியில் கன்டினியூட்டி பார்த்தேன். நேற்று எடுத்த காட்சியில் நடிகையின் வாட்ச் எந்தக் கையில் இருந்தது, தலைமுடி எந்தத் தோளில் கிடந்தது, பாதி குடித்த டம்ளரில் காப்பி எவ்வளவு மிச்சம் இருந்தது, இவையெல்லாம் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றனவா என்று பார்க்கிற வேலை. அக்கா முகம் போடுவாள். நான் அதைப் படம் எடுத்து டேப்லெட்டில் வைத்துக்கொள்வேன். அது மாறாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அவளுடைய பெட்டியில் வரிசையாகச் சின்னச் சின்ன டப்பாக்கள் இருக்கும். கடையில் வாங்கிய பவுண்டேஷன்களை அவளே கலந்து வைத்த நிறங்கள். ஒவ்வொரு மூடியிலும் பிளாஸ்டர் ஒட்டி பால்பாயிண்ட் பேனாவால் பெயர் எழுதியிருப்பாள். போஸ்ட்மேன். ஐஸ் பிளாண்ட் முதலாளி. சின்ன மைனி. குளச்சல் டாக்டர். கறுப்பு, மாநிறம், சிவப்பு என்று எழுதிய மூடி ஒன்றுகூடக் கிடையாது. நம்பர் போட்டு ஒரு அட்டவணை செய்து தருகிறேன் என்று ஒருமுறை சொன்னேன்.

“நம்பரப் பாத்தா எனக்கு மொகம் வராது மக்களே” என்றாள். அதோடு அந்தத் திட்டம் முடிந்தது.

எங்களிடம் வருவதற்கு முன்னால் அவள் திருவனந்தபுரத்தில் மலையாளத் தொடர்களுக்கு வேலை செய்தவள். அங்கே தமிழ்க்காரர்கள் எல்லோரும் பாண்டி; அவளுக்குப் பெயர் பாண்டிச் சேச்சி. எங்கள் யூனிட்டில் சென்னைக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் அவளை மலையாளத்தக்கா என்பார்கள். அவள் பேசும் தமிழ் அவர்கள் காதுக்குப் பாட்டு மாதிரி கேட்டது. இரண்டு பெயரும் அவளுக்குத் தெரியும். இரண்டையும் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. திருவனந்தபுரத்து வேலை போன கதையை மட்டும் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

அந்தத் தொடரில் வீட்டு வேலைக்காரி ஒருத்தி தமிழ்நாட்டுக்காரி. நடிக்க வந்த பெண் பாலக்காட்டுப் பக்கம், நல்ல நிறம். இயக்குநர் இவளிடம், பாண்டிக்காரி மாதிரி கறுப்பாக்கு என்றிருக்கிறார்.

“ஆரப் போலன்னு கேட்டேன். பாண்டியப் போலன்னாரு. நானும் பாண்டிதான சாரே, என்னப் போலயான்னு கேட்டேன். செட்டே சிரிச்சுட்டு. சேச்சி அவ்வளவு கறுப்பில்லையேன்னாரு. அப்பம் வேற ஆரு, ஒரு பாண்டிக்க பேரச் சொல்லுங்கன்னேன். அவருக்கு ஒரு பேருகூடத் தெரியல்ல.”

“பிறகு?”

“பிறகென்ன? வேற ஆளு வந்து கரியப் பூசுனான். நான் பஸ் ஏறினேன்.”

சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அவளோடு வேலை பார்ப்பது எப்போதும் சிரிக்கிற விஷயமாக இருக்கவில்லை. அவள் ஸ்பாஞ்சைக் கீழே வைக்கும்போதெல்லாம் யூனிட்டே நின்றுவிடும். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும். மேனேஜர் வாட்ச்சைப் பார்ப்பார்.

எங்கள் தொடரிலேயே ஒருநாள் வடநாட்டுத் திருடன் ஒருவன் வந்தான். நாகர்கோவில் நாடகக் குழுப் பையன்தான் நடித்தான். உதவி இயக்குநர் ஒப்பித்தார். “பல்லுல பான் கறை, முடி செம்பட்டை, கண்ணு கொஞ்சம் உள்ள போயிருக்கணும். பாத்த உடனே வடக்கன்னு தெரியணும்க்கா.”

“ஆரப் போல?”

“எந்த வடக்கன் மாதிரியும்.”

அக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். எதிரே டீக்கடையில் துறைமுகத்து வேலைக்காரர்கள் சிலர் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். “அந்தா, நீலச் சட்ட, ஒடிசாக்காரன். ஐஸ் ஒடைக்கான். அவனுக்குப் பல்லு உங்க பல்லவிட வெள்ளை. பக்கத்துல நிக்கவன் பெங்காலி, போட்டுக்குப் போறவன், முட்டக் கண்ணு. அவனுக்கு அந்தப் பக்கம் ஒரு கெழவன் இருக்கான், பீகாராக்கும், பாத்தா நம்ம சர்ச்சு கணக்கப்பிள்ளையப் போல இருப்பான். இவனுவள்ல ஆரு?”

உதவி இயக்குநர் முகம் சிவந்து, அவள் பெட்டியிலிருந்து புருவப் பென்சிலை எடுத்து, அந்தப் பையனின் பல்லில் தானே கறை வரைந்தார். அன்று மாலை மேனேஜர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு ஆள் வரும் என்பதுதான் அதன் சுருக்கம். அக்கா தலையாட்டிவிட்டு வந்து பிரஷ்களைக் கழுவினாள்.

அந்தக் கேள்வியால் அவளே வருந்தியதையும் நான் பார்த்திருக்கிறேன். ஷூட்டிங் முடிந்து மார்த்தாண்டம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். முன் சீட்டு அம்மா திரும்பி எங்களிடம் மெதுவாகச் சொன்னார். “பைய மடியில வச்சுக்கோங்க. பின்னால வடக்கன் நிக்கான், ஆளு சரியில்ல.”

“ஆரப் போல இருக்கான்?” என்றாள் அக்கா. இந்த முறை குரல் உயர்ந்துவிட்டது. “சரியில்லாத ஆளு ஆராவது ஒருத்தனப் பாத்திருப்பியல்லா? அவனப் போலயா?”

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாவைப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பையனைப் பார்த்தது. அவனுக்கு என்ன புரிந்ததோ, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டான். அவன் கையிலிருந்த டிக்கெட் மார்த்தாண்டம் டிக்கெட். என் கண்ணுக்குத் தெரிந்தது, அக்கா கண்ணுக்கும் தெரிந்தது. இறங்கும்போது, “நான் வாயத் தொறந்திருக்காண்டாம்” என்றாள்.

மீன்காரி பாத்திரம் வந்தபோது, அதனால்தானோ என்னவோ, அக்கா கொஞ்சம் பதமாகவே கேட்டாள். சென்னை இயக்குநர் மரியாதையான ஆள். யாரையும் திட்டிப் பேசமாட்டார். தொடரில் கதாநாயகி கடற்கரை ஊருக்கு மாற்றலாகி வரும் பேங்க் அதிகாரி. அவள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் ஒருத்தி வேண்டும். அந்தப் பாத்திரத்துக்கு ஸ்கிரிப்ட்டில் பெயர்கூட இல்லை. மீன்காரி, அவ்வளவுதான். நடிக்க வந்தது பெங்களூர்ப் பெண், வெளுத்த நிறம்.

“ஆரப் போல சார்?”

“யார் மாதிரியும் வேண்டாம்க்கா. வெயில், உப்பு, கறுப்பு. பார்த்ததும் புரியணும்.”

“ஆளில்லாம எனக்குக் கை வராது சார்.”

அவர் சிரித்தார். “சரி, உங்களுக்குத் தெரிஞ்ச யாரையாவது வச்சுக்கோங்க.”

அக்கா அவளுடைய தங்கையை வைத்துக்கொண்டாள்.

தங்கை ரோசிலி தலைச்சுமையாக மீன் விற்பவள். விடிந்ததும் அலுமினியச் சருவத்தில் மீனை வைத்துக்கொண்டு கடற்கரையிலிருந்து ஆட்டோவில் உள்நாட்டுக்குப் போய், அங்கே தெருத்தெருவாக நடப்பாள். அக்கா அந்தப் பெங்களூர்ப் பெண்ணின் முகத்தில் வேலை செய்துகொண்டே எனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னாள். ரோசிலி வடக்குப் பார்த்து நடப்பதால் காலை வெயில் முழுக்க வலக்கன்னத்தில் விழும். அந்தக் கன்னத்தில் மங்கு படர்ந்து இடக்கன்னத்தைவிடக் கறுத்திருக்கும். சும்மாடும் முந்தானையும் மறைப்பதால் நெற்றியில் மேலே ஒரு விரல் அகலத்துக்கு நிறம் வெளிறியிருக்கும். சின்ன வயதில் தூண்டில் முள் கிழித்து இடப்புருவம் நடுவில் அறுந்திருக்கும். நான் மூன்றையும் குறித்துக்கொண்டேன். படம் எடுத்துக்கொண்டேன். வலக்கன்னம், நெற்றி, புருவம்.

முதல் சில காட்சிகளில் அந்த மீன்காரி நல்லவள். கதாநாயகியின் குழந்தை கேட்டுக்கு ஓடி வரும்போது மடியிலிருந்து ஒரு சங்கை எடுத்துக் கொடுப்பாள். அவை ஒளிபரப்பான வாரம் ரோசிலி காலிச் சருவத்தோடு ஷூட்டிங் நடந்த இடத்துக்கே வந்துவிட்டாள்.

“எக்கா! நான் டிவில வந்துட்டேன் பாத்தியா? பள்ளியாடில டாக்டர் வீட்டம்மா என்னக் கண்டதும் போட்டோ எடுக்கா. ஏட்டி ரோசிலி, நீ நடிக்கவும் செய்வியான்னு கேக்கா. பிள்ளியள் எல்லாம் கேட்டுல வந்து நின்னு சங்கு தா சங்கு தான்னு ஒரே கத்து.”

“நீ என்ன செஞ்ச?”

“குடுத்தேன். இப்பம் டெய்லி கொஞ்சம் பொறுக்கிட்டுப் போறேன். மீன் விக்கமுன்ன சங்கு தீந்துருது.”

இயக்குநரைப் பார்த்ததும் ரோசிலி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். “சார், எனக்கு இன்னும் ரெண்டு வசனம் கூட்டிக் குடுங்க” என்றாள். எல்லோரும் சிரித்தோம். அவள் போன பிறகு அக்கா டப்பா ஒன்றை எடுத்து, பிளாஸ்டரில் ‘ரோசிலி வலது’ என்று எழுதி ஒட்டினாள். இன்னொன்றில் ‘ரோசிலி இடது’. அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை.

தொடர் எடுப்பவர்களுக்குத் தெரியும், கதை முழுவதையும் யாரும் முதலில் தருவதில்லை. அன்றன்றைய காட்சி அன்றன்று தாளில் வரும். துறைமுகத்தில் ஷூட்டிங் நடந்த நாளில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என் கையில் அந்தத் தாள் வந்தது. நான் படித்தேன். அக்காவிடம் கொடுத்தேன்.

காட்சி இதுதான். மீன்காரி சங்கைக் காட்டிக் கதாநாயகியின் குழந்தையைக் கூப்பிடுகிறாள். குழந்தை ஓடி வருகிறது. அதன் கையைப் பிடித்துப் படகு மறைவில் நிற்கும் வடநாட்டு ஆளிடம் ஒப்படைக்கிறாள். அவன் தரும் கவரை மடியில் செருகிக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அக்கா இரண்டு தடவை படித்தாள். தாளை மடித்தாள். இயக்குநர் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

“சார், இத வேற ஆருக்காவது குடுங்க.”

“இதுதான்க்கா ட்விஸ்ட். நல்லவள்னு நெனச்சவதான் பிள்ளைபிடிக்கிறவ. நல்லா ஒர்க் ஆகும்.”

“அவளுக்க மொகம் எனக்க தங்கச்சி மொகமாக்கும்.”

அவர் தாடையைத் தடவினார். உண்மையிலேயே யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன். “அக்கா, இது வெறும் கேரக்டர். நாங்க யாரையும் குறிக்கல.”

“நான் குறிச்சேன் சார். நானாக்கும் குறிச்சது. அவ நாளைக்கு எந்த வீட்டுக் கேட்டுல போயி நிக்க?”

“முகத்தை மாத்த முடியாது. மூணு எபிசோடு போயிடுச்சு. லைட் அஞ்சரைக்கு மேல நிக்காது. ப்ளீஸ்.”

அவள் எழுந்து வந்தாள். கயிறு கட்டி மறித்த இடத்துக்கு அப்பால் ஊரே நின்றது. ஏலம் முடிந்து வந்த ஆண்கள், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள், படகுத் தளத்தின் மேல் ஏறி நின்ற இளைஞர்கள். எல்லோர் கையிலும் மொபைல். சர்ச்சின் பங்குப் பேரவை ஆள் ஒருவர் காலையிலிருந்து என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். “குடும்பக் கதைன்னு சொல்லியாக்கும் பெர்மிஷன் வாங்கினீங்க. இன்னைக்குக் கதை என்ன பிள்ள?” இயக்குநரிடம் கேளுங்கள் என்றேன். அவர் நகரவில்லை.

எனக்குப் பின்னால் மேனேஜர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். “கடப்புறத்துக் கூட்டம் சார். ஒரு வார்த்தை மாறுச்சுன்னா கல்லுதான் வரும். ஸ்டேஷனுக்குச் சொல்லி வைங்க.” போனை வைத்துவிட்டுக் கேமராக்காரரிடம் திரும்பினார். “கலாட்டா ஆச்சுன்னா கேமராவ நிறுத்தாதீங்க. அதுவும் யூஸ் ஆகும்.”

அக்காவுக்கும் அது கேட்டது. கேட்டதை நான் பார்த்தேன்.

கயிற்றின் முன்வரிசையில் ரோசிலி நின்றாள். பச்சைப் பட்டு கட்டி, தலையில் பூ வைத்து, சருவம் இல்லாமல். அவள் முகத்தோடு இன்னொருத்தி வேனிலிருந்து இறங்கி வருவதைப் பார்க்க ஊரையே கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

“எக்கா! நான் எப்பம் வருவேன்?”

கூட்டம் சிரித்தது. ஒருவன் விசில் அடித்தான். “ரோசிலியக்காக்கு ஜே!”

அக்கா கயிற்றை நோக்கி நடந்தாள். அவள் அங்கே ஒரே ஒரு வரி சொன்னால் போதும். காட்சியில் என்ன இருக்கிறது என்று சொன்னால் போதும். கயிறு நிற்காது. கேமரா ஓடும். மேனேஜர் எதிர்பார்த்தது அப்படியே கிடைக்கும். இதை நான் இப்போது யோசித்துச் சொல்லவில்லை. அந்த நிமிடமே கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று நான் பார்த்தது நினைவிருக்கிறது.

அவள் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றாள். தங்கையைப் பார்த்தாள். படகுத் தளத்தின் மேல் நின்ற பையன்களைப் பார்த்தாள்.

“இப்பம் வருவ” என்றாள். “மேக்கப் வேர்த்து ஒழுகிட்டு. டச்சப் போட்டுட்டுக் கொண்டு வாறேன்.”

திரும்பி என் பக்கத்தில் வந்தபோது, “வேனுக்கு வா” என்றாள்.

வேனுக்குள் பெங்களூர்ப் பெண் வசனம் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அக்கா கதவைத் தாழிட்டாள். கோல்டு கிரீமை அள்ளி அவள் முகத்தில் தேய்த்து, ஒரே இழுப்பில் துடைத்தாள். வலக்கன்னம் போனது. நெற்றி போனது. புருவத்துத் தழும்பு பஞ்சோடு வந்துவிட்டது.

“ஏன்க்கா எல்லாத்தையும் அழிக்கிறீங்க?”

“மேக்கப் திரிதிரியா இருக்கு மக்களே. கண்ண மூடு.”

இரண்டு கன்னத்துக்கும் ஒரே டப்பாவை எடுத்தாள். ‘ரோசிலி இடது’. அக்காவும் தங்கையும் ஒரே நிறம்தான். வெயில்தான் வேறு. பிறகு என்னிடம் சொன்னாள். “அந்தக் கண்ணாடிய எனக்கப் பக்கமாத் திருப்பிப் பிடி.”

பிடித்தேன். கண்ணாடியில் நடிகை இல்லை. அக்கா இருந்தாள். அவள் தன்னை ஒரு தடவை பார்ப்பாள், கண்மூடியிருக்கும் அந்த முகத்தில் ஒரு கோடு போடுவாள். மறுபடி பார்ப்பாள். இரு புருவத்துக்கும் நடுவே இருக்கும் குத்துக்கோடு. கன்னத்துப் பள்ளம். கீழுதட்டுக்கு அடியில், இடப்பக்கம், மிளகு அளவுக்கு மச்சம். எனக்கு அப்போதுதான் புரிந்தது.

“அக்கா” என்றேன்.

“கண்ணாடிய ஆட்டாத.”

கதவைத் தட்டினார்கள். “லைட் போகுது! என்ன பண்றீங்க உள்ள?” அக்கா அடுத்த கோட்டைப் போட்டாள். மறுபடியும் தட்டினார்கள். இந்த முறை மேனேஜர். “கதவை உடைக்கவா?” மச்சத்துக்கு மேல் பவுடரை ஒற்றிவிட்டு, ஸ்பாஞ்சைக் கீழே வைத்தாள். தாழைத் திறந்தாள்.

இயக்குநர் மானிட்டரில் பார்த்தார். என்னைப் பார்த்தார். “மேட்ச் ஆகுதா?”

கேட்டால் சொல்வது என் வேலை. “இல்ல சார். வலக்கன்னம் மேட்ச் ஆகல. நெத்தி ஆகல. இடப்புருவத்துல தழும்பு இல்ல. புதுசா ஒரு மச்சம் இருக்கு.”

அக்கா எனக்குப் பின்னால்தான் நின்றாள். அவள் மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது.

அவர் என் டேப்லெட்டை வாங்கிப் பழைய படத்தைப் பார்த்தார். மானிட்டரைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். கடலுக்கு மேல் சூரியன் ஒரு முழம் உயரத்தில் நின்றது.

“எனக்கு ஒரே மாதிரிதான் தெரியுது” என்றார். “மீன்காரிதானே. யாரு இவ்வளவு உத்துப் பார்க்கப் போறாங்க? ரோலிங்.”

எடுத்தார்கள். கூட்டத்துக்கு வசனம் கேட்காத தூரம். தூரத்தில் ஒருத்தி ஒரு குழந்தைக்குச் சங்கைக் காட்டுவதை மட்டும் ஊர் பார்த்தது. கை தட்டியது.

ரோசிலி மட்டும் தட்டவில்லை. நடிகை வேனிலிருந்து இறங்கிக் கயிற்றோரமாகப் போனபோதே அந்த முகத்தைப் பார்த்துவிட்டாள். லைட் அணைந்ததும் கயிற்றைத் தாண்டி வந்துவிட்டாள்.

“எனக்க மொகம் எங்க? அது நீயில்லா! அந்த மச்சம் உனக்குத்தான் உண்டு.”

“மேக்கப் கலஞ்சிட்டு.”

“பொய் சொல்லாத. எனக்குக் கொஞ்சம் பேரு வந்தது உனக்குப் பொறுக்கல. உனக்க மொகத்த வச்சிட்ட.” அவள் கண்ணில் நீர் நின்றது. “ஊரக் கூட்டிட்டு வந்து நிக்கேன் எக்கா. நாணக்கேடாயிட்டு.”

அக்கா பிரஷ்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒளிபரப்பாகாத காட்சியை வெளியே சொல்லக்கூடாது என்று எங்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஆனால் அக்கா அதற்காகப் பேசாமல் இருந்தாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்போது சொல்லியிருந்தால் ரோசிலி திரும்பிக் கூட்டத்தைப் பார்த்திருப்பாள். கூட்டம் இன்னும் கலையவில்லை. கேமராவும் இன்னும் பெட்டிக்குள் போகவில்லை.

அன்று பஸ்ஸில் நான், “நான் மேட்ச் ஆகலன்னு சொல்லிட்டேன்” என்றேன்.

“உள்ளதத்தான சொன்ன. நாலும் சரியாச் சொன்ன” என்றாள். டிக்கெட்டை மடித்துக்கொண்டே, “அந்த மனுசனுக்குக் கண்ணிருந்தா இன்னைக்கு நான் பெட்டுப்போயிருப்பேன், வசமா மாட்டியிருப்பேன்” என்றாள்.

அடுத்த ஷெட்யூலுக்கு வேறு மேக்கப்காரர் வந்தார். யாரைப் போல என்றெல்லாம் கேட்காமல் வேகமாக வேலை செய்தார். அந்தக் காட்சி ஒளிபரப்பானபோது நானும் அந்தக் கம்பெனியை விட்டுவிட்டேன். அதன் வெட்டுத் துண்டுகள் மொபைலில் சுற்றின. ‘உங்கள் பிள்ளைகள் ஜாக்கிரதை, கடற்கரையிலிருந்து வரும் மீன்காரிகள்’ என்று யாரோ எழுதிச் சேர்த்திருந்தார்கள். அது தொடரில் வரும் காட்சி என்பது அதில் இல்லை. எங்கள் தெருக் குழுவிலும் அது வந்தது. நான் அந்த முகத்தை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன். மச்சம் தெளிவாகத் தெரிந்தது.

அக்காவைப் பிறகு ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். கருங்கலிலிருந்து வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இடம் இருந்தது. உட்கார்ந்தேன். கல்யாண மேக்கப்புக்குப் போவதாகச் சொன்னாள். முந்தானையால் வாயையும் தாடையையும் மூடியிருந்தாள். பல்வலி என்றாள்.

முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில், கழுவிய சருவத்தை மடியில் வைத்துக்கொண்டு ரோசிலி இருந்தாள். அக்காவும் தங்கையும் ஒரே பஸ்ஸில் தனித்தனியாக. வழியில் ஒரு அம்மா நாலு வயதுப் பெண் குழந்தையோடு ஏறினார். ரோசிலியைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“என்ன ரோசிலி, ரெண்டு நாளாக் காணல? நாளைக்கு நெத்திலி கொண்டு வருவியா?”

“கொண்டு வாறேன் டீச்சரே.” ரோசிலி குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, மடியிலிருந்து சங்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். டீச்சர் தடுக்கவில்லை.

அவர்கள் எங்களுக்கு எதிர் சீட்டில் வந்து உட்கார்ந்தார்கள். பஸ் வளைவில் குலுங்கியபோது அக்கா கம்பியைப் பிடிக்கக் கையை எடுத்தாள். முந்தானை விலகியது. குழந்தை அவளைப் பார்த்தது. சங்கைக் கீழே போட்டுவிட்டு அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தது. டீச்சர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். அவர் கண் அந்த மச்சத்தில் நின்றது. குழந்தையைத் தூக்கி ஜன்னல் பக்கமாக மாற்றி உட்காரவைத்தார்.

“அந்த மொபைல்ல வந்தவளப் போலவே இருக்கா” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். எங்களுக்குக் கேட்டது.

நான் காத்திருந்தேன். அவள் கேட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அக்கா முந்தானையை எடுத்து மறுபடி தாடையை மூடிக்கொண்டு வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்தாள்.

முன்னாலிருந்து இதையெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த ரோசிலி எழுந்தாள். ஓடும் பஸ்ஸில் சருவத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு சீட்டாகப் பிடித்துப் பிடித்து வந்தாள். நான் எழுந்து இடம் கொடுத்தேன். உட்கார்ந்தாள். அக்காவின் முந்தானையை இழுத்து இறக்கிவிட்டாள்.

“டீச்சரே, இது எனக்க அக்காவாக்கும்” என்றாள். “ஒரு வயித்துல பெறந்தது.”

குழந்தை ஜன்னல் பக்கமிருந்து எட்டி, அந்த இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தது.

“நாளைக்கு நெத்திலி கொண்டு வரட்டா, வேண்டாமா?”

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. ஆள் இறங்கியது, ஆள் ஏறியது. கண்டக்டர் விசில் அடித்தார்.

“கொண்டு வா” என்றார் டீச்சர். குழந்தையின் கையை விடவில்லை.